குருவிச் சத்தம் கேட்டால் சாஃப்டைப் பாருங்கள்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் நண்டுப் பெட்டிகளை ஏற்றி முடித்து வாகனத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பெட்டி தூக்கும் தம்பி பின்னால் ஓடிவந்தான். “அண்ணை, வாகனத்துக்குக் கீழ குருவி கத்துற மாதிரிக் கிடக்கு.” கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். கீச், கீச், கீச். மெதுவாகப் போனால் மெதுவாக, வேகம் எடுத்தால் விரைவாக. நிறுத்தினால் சத்தமும் நின்றது. எஞ்சினை மட்டும் ரேஸ் பண்ணிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்போதே விளங்கிவிட்டது, யூ ஜொயின்ட் காய்ந்துவிட்டது.

புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று கடலுக்கு நடுவே போகும் றோட்டில் பதினெட்டு வருடமாக மீனும் நண்டும் ஏற்றுகிறேன். வாகனம் 1994ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். இரண்டு பக்கமும் கடல் இருக்கும் பாதையில் ஓடுகிற வாகனத்துக்கு உப்புக்காற்று ஒரு பகை. அதைவிடப் பெரிய பகை ஐஸ் தண்ணீர். ரெஜிபோம் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் தட்டின் ஓட்டை வழியாக நேரே சாஃப்டில்தான் விழும். அதனால் இந்த வேலையை நான் அடிக்கடி செய்ய வேண்டி வந்தது. பிழையாகச் செய்ததும் உண்டு.

முதலில் அது என்ன சாமான் என்று சொல்லிவிடுகிறேன். கியர்பெட்டி சட்டத்தோடு சேர்ந்து அசையாமல் இருக்கும். பின்சில்லுகளுக்குச் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிபரன்ஷல் வில்லுத்தகட்டோடு மேலும் கீழும் ஆடும். இரண்டுக்கும் நடுவே சுற்றுகிற சாஃப்ட் மடங்கியபடியே சுற்ற வேண்டும். அந்த மடிப்புத்தான் யூ ஜொயின்ட். பனங்கொட்டை அளவில் ஒரு இரும்புச் சிலுவை. அதன் நான்கு கால்களிலும் குட்டிக் கிண்ணம் போல நான்கு பேரிங் கப். ஒவ்வொரு கப்புக்குள்ளும் தையல் ஊசி மொத்தத்தில் உருளைகள் வட்டமாக நிற்கும். இரண்டு கால்களை ஒரு கவை பிடித்திருக்கும், மற்ற இரண்டை எதிர்க்கவை. ஏற்றிய சுமை முழுவதையும் இழுக்கிற பலம் இந்த ஊசிகள் வழியாகத்தான் போகிறது. கிறீஸ் போனால் ஊசி உருளாமல் ஒரே இடத்தில் நின்று தேய்க்கும். கடைசியில் சிலுவையின் காலில் பள்ளம் பள்ளமாகக் கோடு விழும்.

சத்தம் மூன்று விதம். கீச் என்பது கிறீஸ் இல்லை என்ற சத்தம். பின்னுக்கு எடுக்க கியர் போட்டுக் கிளச்சை விடும்போது ‘டக்’ என்று ஒரு இரும்படி கேட்டால் கப்புக்குள் இடைவெளி வந்துவிட்டது. ஓட்டத்தில் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இருக்கையே நடுங்கினால் தேய்வு முற்றிவிட்டது, அல்லது சாஃப்டின் சமநிலை போய்விட்டது. முதல் சத்தத்தோடு நீங்கள் வீடு போய்ச் சேரலாம். மூன்றாவதோடு போக வேண்டாம். முன் பக்க ஜொயின்ட் ஓட்டத்தில் உடைந்தால் சாஃப்டின் நுனி கீழே விழுந்து தாரில் குத்தும். வாகனம் அதன் மேல் எம்பும். பாலத்துக் கட்டுக்கு அந்தப் பக்கம் கடல்.

சத்தத்தை மட்டும் நம்பிக் கழற்றத் தொடங்காதீர்கள். கீழே போய்க் கையால் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் இறக்கி வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி நான் ஒருநாளும் கீழே படுப்பதில்லை. சீமெந்துக் கல் வேண்டவே வேண்டாம், பாரத்தில் அது சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் நல்ல வைரம் பாய்ந்த பனங்குற்றி பரவாயில்லை.

கியரை நியூட்ரலில் விட்டுக் கீழே போங்கள். ஜொயின்டுக்கு முன்னால் உள்ள கவையை ஒரு கையாலும் பின்னால் உள்ளதை மற்றக் கையாலும் பிடித்து, ஈரத்துணி பிழிவது போல எதிரெதிராக முறுக்குங்கள். நடுவில் கொஞ்சமாவது ஆட்டம் தெரிந்தால் அது ஜொயின்ட். இரண்டு கவையும் சேர்ந்து ஒன்றாக அசைந்தால் அது டிபரன்ஷலின் பல்லிடைவெளி. பழைய வாகனத்தில் அது ஓரளவு இருக்கத்தான் செய்யும், அதைப் பார்த்து ஜொயின்டை மாற்றிப் பயனில்லை. அடுத்து ஒரு டயர் லீவரைக் கொடுத்து சாஃப்டை மேலே நெம்பிப் பாருங்கள். கப்பின் ஓரத்தில் மஞ்சள் பூசியது போலத் துருப்பொடி தெரிகிறதா என்றும் பாருங்கள். உள்ளே ஊசி பொடியாகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

நீளமான பிக்கப்பில் சாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ரப்பருக்குள் தொங்குகிற சென்டர் பேரிங்கையும் அசைத்துப் பாருங்கள். அதன் ரப்பர் கிழிந்தாலும் இதே நடுக்கம்தான் வரும்.

சரி, ஜொயின்ட்தான் என்று முடிவானால், ஒரு போல்டையும் தொடுவதற்கு முன் அடையாளம் போடுங்கள். டிபரன்ஷலின் பிளாஞ்சிலும், அதாவது போல்டு பூட்டும் தட்டிலும், சாஃப்டின் பிளாஞ்சிலும் நேர்நேராக ஒவ்வொரு புள்ளி. சாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பல்லிலும் அதே மாதிரி. பெயின்ட் அடையாளம் டீசலில் கழுவும்போது போய்விடும். சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியால் குத்துங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அவசரத்துக்கு ஒரு கராஜில் விட்டு ஜொயின்ட் மாற்றினேன். புது ஜொயின்ட், நல்ல சாமான். ஆனால் வாகனம் முன்பைவிட மோசமாக நடுங்கியது. மூன்று கிழமை சில்லை பலன்ஸ் பண்ணினேன், எஞ்சின் மவுன்ட் மாற்றினேன், காசு போனதுதான் மிச்சம். கடைசியில் நானே கீழே போய்ப் பார்த்தால், வழுக்கும் பல்லைப் பிரித்துவிட்டுச் சில பல் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். முன் கவையும் பின் கவையும் ஒரே நேரில் இல்லை.

அது ஏன் அவ்வளவு பெரிய விடயம் என்று கேட்கலாம். மடங்கியபடி சுற்றும் ஜொயின்ட் ஒரே சீராகச் சுற்றாது. இது 17ஆம் நூற்றாண்டில் றொபேட் ஹூக் காலத்திலேயே தெரிந்த விடயம். உள்ளே வருகிற சுற்று சீராக இருந்தாலும், வெளியே போகிற சுற்று ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை விரைந்து இரண்டு தடவை தயங்கும். 10 பாகை மடிப்பில் அந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் சுமார் 1.5 வீதம். இரண்டாவது ஜொயின்ட் அதே நேரத்தில் எதிராகச் செய்வதால் ஒன்றை மற்றது அழித்துவிடும். ஆனால் கவைகள் நேராக இருந்தால்தான் அழிக்கும். தள்ளிப் பூட்டினால் முழுதாக அழிக்காது, நடுக்கம் மிஞ்சும். சென்டர் பஞ்சால் குத்திய ஒரு புள்ளி எனக்கு மூன்று கிழமையை மிச்சம் பிடித்திருக்கும்.

கழற்றும்போது என் வாகனத்தில் பிளாஞ்ச் நட்டுகளுக்கு 14 ஸ்பனர். நட்டுகளுக்கு முதல் நாளே துருவிளக்கி எண்ணெய் அடித்து விட்டால் காலையில் சண்டை இல்லை. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: சாஃப்டைக் கழற்றிய பிறகு கியரில் விட்டாலும் பின்சில்லு நிற்காது. கைப்பிறேக்கும் கட்டையும்தான் காவல். சாஃப்டின் முன்மூக்கு கியர்பெட்டிக்குள் செருகியிருக்கும் மாதிரி என்றால் உருவியவுடன் எண்ணெய் வழியும். ஒரு சொப்பின் பையைச் சுற்றி றப்பர் பாண்ட் போட்டுக்கட்டுங்கள்.

சாஃப்டை வைஸில், அதாவது மேசையில் பூட்டிய இறுக்குக் கிடுக்கியில், பிடிக்கும்போது குழாயைப் பிடித்து இறுக்காதீர்கள், கவையைப் பிடியுங்கள். குழாய் சற்று நசுங்கினாலும் சமநிலை போய்விடும். குழாயில் சின்னத் தகடு ஒட்டியிருந்தால் அது பலன்ஸ் தகடு, தட்டி எடுத்துவிடாதீர்கள்.

கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சேர்க்கிளிப் நான்கையும் எடுங்கள். உப்பில் ஒட்டிப் போயிருந்தால் கப்பின் நடுவில் செம்புக் கம்பி வைத்து மெல்லத் தட்டினால் கிளிப் இளகும். கப்பை வெளியே தள்ளச் சுத்தியல் வேண்டாம், வைஸையே அழுத்தியாக்குங்கள். ஒரு பக்கம் கப்பைவிடச் சற்றுச் சிறிய சொக்கட், எதிர்ப்பக்கம் கப் உள்ளே போகக்கூடிய பெரிய சொக்கட். இறுக்க இறுக்கப் பெரிய சொக்கட்டுக்குள் கப் வெளியேறும். முழுவதும் வராது. வந்த அளவில் வைஸில் கவ்விப் பிடித்துக் கவையைத் திருகித் திருகி எடுங்கள். பிறகு மறுபக்கம்.

பலர் கவையின் காதில், அதாவது கப் இருக்கும் துளையுள்ள நுனியில், பெரிய சுத்தியலால் அடிப்பார்கள். கப் வரும், ஆனால் காதும் விரியும். விரிந்த காதில் எந்தப் புது ஜொயின்டும் நிலைக்காது.

போர்க்காலத்தில் பொருட்களுக்குத் தடை இருந்தபோது சாமான் கிடையாது. அப்பா பழைய சிலுவையையே கால்வட்டம் திருப்பிப் போட்டு, தேயாத பக்கம் பாரம் எடுக்கும்படி ஓட்டினார். கொஞ்சக் காலம் ஓடும். இன்று யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் புதிது கிடைக்கும்போது அந்த வழி தேவையில்லை. வாங்கப் போகும்போது பழைய சிலுவையையும் ஒரு கப்பையும் கையில் கொண்டு போங்கள். கப்பின் விட்டத்தையும், எதிரெதிர் கப்புகளின் வெளி நுனிக்கு நுனி நீளத்தையும் வேர்னியரால் அளந்து ஒப்பிடுங்கள். ஒரே பெயர் வாகனத்துக்கே இரண்டு மூன்று அளவு உண்டு. நான் ஜிஎம்பி அல்லது கோயோ வாங்குவேன். கிறீஸ் நிப்பிள், அதாவது கிறீஸ் அடிக்கும் சின்ன மூக்கு, உள்ளதையே கேளுங்கள். நிப்பிள் இல்லாத மூடிய வகை நல்லதுதான், ஆனால் தீவுப் பாதைக்கு உள்ளே போன உப்பைத் தள்ளி வெளியேற்ற ஒரு வழி வேண்டும்.

கவையின் துளைகளை நுண்ணிய எமரித் தாளால் துடைத்து, கிளிப் விழும் பள்ளத்தைச் சின்ன ஸ்க்ரூட்றைவரால் சுரண்டுங்கள். கப் கையால் போட்டாலே தொளதொள என்று விழுந்தால் கவை தேய்ந்துவிட்டது. துளையைச் சுற்றிச் சென்டர் பஞ்சால் குத்தி இறுக்கும் வழக்கம் இருக்கிறது. அதை நம்பிப் பாரம் ஏற்றாதீர்கள், அந்தக் கவையையே மாற்றுங்கள்.

இனிப் பூட்டுவது. பொறுமை வேண்டிய இடம் இதுதான். புது கப்புகளை மேல்நோக்கி வைத்து ஊசிகள் எல்லாம் சுற்றி நிற்கின்றனவா என்று பாருங்கள். கொஞ்சம் கிறீஸ் பூசினால் நிற்கும். சிலுவையைக் கவைக்குள் வைக்கும்போது நிப்பிள் கிறீஸ் கன் எட்டும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒரு கப்பை வைஸால் அரைவாசி அழுத்தி, சிலுவையின் காலை அதற்குள் தள்ளிப் பிடித்துக்கொண்டே எதிர்க் கப்பை அழுத்துங்கள். சிலுவைக் கால் ஊசிகளுக்கு நடுவே நிற்கும்வரை ஊசி விழ இடமில்லை. பிடி தளர்ந்தால் ஒரு ஊசி சரிந்து கப்பின் அடியில் குறுக்கே படுத்துவிடும். அப்போது கிளிப் பள்ளம் தெரியாது, கப் ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் குறைந்து நிற்கும். அந்த நேரத்தில் வைஸை இன்னும் இறுக்கினால் ஊசி உடையும். வெளியே எடுங்கள், ஊசியை நிறுத்துங்கள், திரும்பத் தொடங்குங்கள். நான் ஒரே கப்பை நான்கு தடவை எடுத்திருக்கிறேன்.

கிளிப் ‘டிக்’ என்று முழுவட்டமும் பள்ளத்தில் உட்கார வேண்டும். பிறகு கவையின் காதை வெளிப்பக்கமாகப் பித்தளைச் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு. அதில் இறுக்கம் தளர்ந்து சிலுவை லேசாகத் திரும்பும். கையால் மடக்கிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழுக்க வேண்டும், எங்கும் கட்டி தட்டக் கூடாது. நீளவாக்கில் ஆட்டமும் இருக்கக் கூடாது. ரொயோட்டா அனுமதிப்பது 0.05 மில்லிமீற்றர்தான், அதாவது கைக்குத் தெரியாத அளவு.

அடையாளப் புள்ளிகளைச் சேர்த்து சாஃப்டைத் தூக்கிப் பூட்டுங்கள். என் வாகனத்துக்குப் பிளாஞ்ச் போல்டு இறுக்கம் 74 நியூட்டன் மீற்றர். இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரென்ச் இல்லாவிட்டால் ஒருவரிடம் இரவல் வாங்குங்கள். கிறீஸ் இரண்டாம் இலக்க லித்தியம். நான்கு கப்பின் ஓரத்திலும் புதுக் கிறீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் சாஃப்டை மெல்ல அசைத்துக்கொண்டே அடியுங்கள்.

அடுத்த நாள் பண்ணைப் பாலத்தால் வெறுமையாக ஒரு ஓட்டம், பிறகு பாரத்தோடு ஒன்று. நூறு கிலோமீற்றர் ஓடியதும் போல்டுகளைத் திரும்ப ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். அதன்பின் நான் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கிறேன், மாரி காலத்தில் அதற்கும் முன்பே. ஐஸ் தண்ணீர் வடியும் ஓட்டைக்கு ஒரு றப்பர் குழாய் மாட்டி, தண்ணீரைச் சில்லுக்குப் பின்னால் போகவிட்டிருக்கிறேன். அதன்பிறகு பின் ஜொயின்ட் இரண்டு வருடத்துக்கு மேல் நிற்கிறது.