வல்லூறுக்குக் காடை: வளர்ப்பில் தப்பி ஃப்ரீசரில் மாட்டுவது

அமீரகத்தில் வேட்டைப் பருவம் முடிந்ததும் வேட்டைக்குப் பழக்கிய வல்லூறுகள் இறகு உதிர்க்க ஏசி அறைக்குப் போய்விடும். செப்டம்பர் வாக்கில்தான் மறுபடி பறக்கவிடுவார்கள். ஒரு வல்லூறுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு காடை என்று கணக்குப் போட்டதும், "நாமே வளர்த்தால் என்ன?" என்று தோன்றும். தாராளமாக வளர்க்கலாம். ஜப்பானியக் காடை 17, 18 நாளில் பொரிக்கும், 6 வாரத்தில் இரைக்கு ஆகிவிடும். முட்டை பொரிக்கும் இன்குபேட்டரின் சூடு, குஞ்சுகளை வைக்கும் புரூடரின் சூடு, குஞ்சு மூழ்காமல் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுவது எல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புதிதாக இறங்குகிறவர்கள் வருடா வருடம் விழும் பள்ளங்கள் வேறு. நாங்களும் விழுந்து எழுந்தவைதான்.

முட்டை ஓய்ந்த பெட்டைகளை இரையாகத் தள்ளிவிடுவது

காசுக் கணக்கில் லாபமாகத் தெரியும். ஆனால் ஒன்றைக் கீறிப் பாருங்கள்: குடலைச் சுற்றி மஞ்சளாகக் கொழுப்பு அப்பியிருக்கும். பறக்காமல் கட்டையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது ஆகாது. 6 முதல் 8 வாரச் சேவல்தான் நல்ல இரை.

தீவனத்திலும் இதே சிக்கனம் புகும். குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் 24 முதல் 26 சதவீதப் புரதம் வேண்டும். மலிவென்று கொடுக்கும் முட்டைக் கோழிக்கான லேயர் தீவனத்தில் அது 16, 17தான். போதாததற்கு அதில் முட்டை ஓட்டுக்காகச் சேர்த்த சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சூடு ஆறாமல் ஃப்ரீசரில் போடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். ஆறு வாரம் கண்ணும் கருத்துமாக வளர்த்து, கடைசி அரை மணி நேரத்தில் கெடுக்கிற வேலை இது.

நடப்பது இப்படி. காலையில் 60 காடையைக் கொன்று, ஒரே பிளாஸ்டிக் பையில் திணித்து, வாயைக் கட்டி, பெட்டி ஃப்ரீசரின் அடியில் போடுவார்கள். மைனஸ் 18 என்று காட்டுகிறதே, பிறகென்ன பயம் என்ற நினைப்பு. உயிருள்ள காடையின் உடல் சூடு 41 டிகிரிக்கு மேல். குளிரைத் தாங்க உதவிய இறகு, செத்த பிறகு உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாது. வெளிச்சுற்றில் இருப்பவை கல்லாகும்போது நடுவில் உள்ளவை இன்னும் வெதுவெதுப்பாகவே கிடக்கும். நம்மூரில் வறுவலுக்குப் போகும் காடையைத் தோலுரித்துக் குடலை எடுத்துவிடுகிறோம். வல்லூறுக்கு எலும்பு, ஈரல், இறகு எல்லாம் வேண்டும் என்று முழுசாக வைக்கிறோம். அதனால் குடலும் உள்ளேயே இருக்கிறது. அந்தச் சூட்டில் குடல் கிருமிகள் பெருகி, சுவரைத் தாண்டி இறைச்சிக்குள் இறங்கிவிடும்.

உறைந்த பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். உருக்கும்போதுதான் அடிவயிறு பச்சை தட்டியிருக்கும். லேசாக இழுத்தால் தோலோடு இறகு கையில் வரும். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதை நம்பாதீர்கள். வாய்ப்புண் உண்டாக்கும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி சாகும். சால்மோனெல்லாவும் பறவைக் காய்ச்சல் வைரஸும் உறைந்தபடி காத்திருக்கும்.

கெட்ட காடையைத் தின்ற வல்லூறின் தீனிப்பை (கழுத்தடியில் இரை தங்கும் பை) வடியாமல் நிற்கும், அலகிலிருந்து நாற்றம் வரும். உள்ளே அழுகும் இறைச்சியின் நஞ்சு ரத்தத்தில் ஏற அதிக நேரம் ஆகாது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் உடனே பறவை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சரியான முறைக்குப் பெரிய செலவு இல்லை. கொல்வதற்கு 8 மணி நேரம் முன்பே தீவனத்தை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். கொன்றதைக் கம்பித் தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். முற்றத்தில் வெயில் 40ஐத் தாண்டும் நாளில் பத்துப் பத்தாகக் கொன்று உள்ளே கொண்டுபோங்கள். சில மணி நேரம் கழித்து இறக்கைக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள், அங்கேயும் சில்லென்று இருக்க வேண்டும். பிறகு ஒற்றை வரிசையாக உறைய வைத்து, கல்லானதும் ஒரு நாள் தேவைக்கு ஒரு பை என்று காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, தேதி எழுதுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. ஃப்ரீசரிலும் கொழுப்பில் சிக்கு வாடை ஏறும், வைட்டமின் ஈ குறைந்துகொண்டே போகும்.

வெந்நீரில் உருக்குவது

வேண்டாம். முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். உருகியதை அன்றைக்கே கொடுங்கள், மிஞ்சினால் குப்பைக்கு.

மருந்து கொடுத்த காடை

மருந்து அட்டையில் போட்டிருக்கும் விலக்கு நாள்கள் (மருந்து உடலை விட்டு நீங்கும் காலம்) முடியும் வரை இரைக்கு எடுக்காதீர்கள்.

புறா

மேலே சொன்ன டிரைக்கோமோனாஸைச் சுமந்து வரும், காடைக் கொட்டகைக்குள் ஒன்றுகூட நுழையக் கூடாது. வலை கட்டுங்கள்.

எலி மருந்து

தீவன மூட்டை இருந்தால் எலி வரும். பொறி வையுங்கள், விஷம் வேண்டாம். சிந்திய விஷத்தைக் கொத்திய காடையின் ஈரலில் அது தங்கும். வல்லூறு அந்த ஈரலைத் தின்னும்.