நாயோடு கயாக் போகிறவர்கள் கரையில் செய்யும் தவறுகள்

மிளகு எங்கள் வீட்டு நாய். கறுப்பு நிறம், பதினெட்டுக் கிலோ, தெருவிலிருந்து வந்தவன். அவனை முதல்முறை சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு பேக்வாட்டரில், கயாக் என்ற குறுகிய துடுப்புப் படகில் ஏற்றிய நாளில், படகு கவிழ்ந்துவிடுமோ என்பது மட்டும்தான் என் பயம். கவிழவில்லை. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பி, கயாக்கை மணலில் இழுத்துப் போட்டுத் துடுப்பைக் கழுவினேன். அந்த அரை நிமிடத்தில் பயல் வாயில் எதையோ கவ்விக்கொண்டு நின்றான். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, மொதல்ல அத புடுங்குப்பா! பேத்த மீனு!" என்று கத்தினார்.

பேத்தை என்பது உடம்பை ஊதிக்கொள்ளும் மீன். வலையில் வந்தால் அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, கரையிலேயே வீசிவிடுவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. வெந்தாலும் காய்ந்தாலும் அது போகாது, மாற்று மருந்தும் கிடையாது. தின்ற நாய்க்கு வாந்தி வரும், கால் தள்ளாடும், கடைசியில் மூச்சு விடும் தசைகளே அசையாமல் போகும். 2009-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து கடற்கரைகளில் சில நாய்கள் இறந்தபோது, கரை ஒதுங்கிய ஒரு வகைக் கடல் நத்தையில் இதே நஞ்சைத்தான் கண்டுபிடித்தார்கள். மிளகு கடிப்பதற்குள் பிடுங்கிவிட்டேன். அன்றிலிருந்து படகு மணலைத் தொட்டதும் முதல் வேலை நாய்க்குக் கயிறு மாட்டுவது. துடுப்பும் செருப்பும் அப்புறம்.

கவனித்துப் பார்த்தால், நாயோடு படகு போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் தண்ணீரில் நடப்பவை அல்ல. ஏறுவதற்கு முன்போ, இறங்கிய பிறகோ, கரையில் நடப்பவைதான்.

"நாய்க்கு நீச்சல் சொல்லியா கொடுக்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. எல்லா நாயும் தண்ணீரில் கால் அடிக்கும். ஆனால் கால் அடிப்பது நீச்சல் ஆகாது. பக் போன்ற சப்பை மூக்கு நாய், மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைக்கக் கழுத்தை நிமிர்த்தும். நிமிர்த்தினால் பின்பக்கம் அமிழும். சிப்பிப்பாறை உடம்பில் கொழுப்பே கிடையாது, மிதப்பதற்குள் களைத்துவிடும். நன்றாக நீந்தும் லாப்ரடாருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். நீந்துவதற்கு மட்டுமல்ல, முதுகில் இருக்கும் கைப்பிடிக்காகவும். விழுந்த நாயைத் திரும்ப ஏற்ற அந்தப் பிடியை விட்டால் வேறு வழியில்லை. பிடி இல்லாவிட்டால் அது உங்கள் மேல்தான் ஏறும். பயந்த நாயின் நகம் தோளில் பதியும்போது நீங்களும் சேர்ந்து அமிழ்வீர்கள்.

ஜாக்கெட்டை வாங்கியதும் மொட்டை மாடியில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மாட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து நாயைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குங்கள், வயிற்றுக்கு அடியில் இன்னொரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு. நான் தூக்கியபோது ஜாக்கெட் மட்டும் கையோடு வந்தது. மிளகு கீழேயே நின்று என்னைப் பார்த்தான். பெட்டியில் போட்டிருந்த எடைக் கணக்கு சரிதான், உடம்பின் வாகுதான் சரியில்லை. நம் நாட்டு நாய்களுக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம். வயிற்று வாரை எவ்வளவு இறுக்கினாலும் ஜாக்கெட் பின்னால் வழுகும். முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சுப் பட்டை உள்ள மாடலாகப் பார்த்து மாற்றிய பிறகுதான் நின்றது.

அடுத்தது, எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு: குதிக்காமல் இருக்கட்டும் என்று நாயின் கயிற்றைக் கயாக்கில் கட்டுவது. கவிழ்ந்தால் படகுக்கு அடியில் நாய் மாட்டிக்கொள்ளும், ஈரமான முடிச்சை அந்த நேரத்தில் அவிழ்க்க யாராலும் முடியாது. உங்கள் மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டிக்கொள்வதும் அதே கதைதான். தண்ணீரில் இருக்கும்வரை கயிறே வேண்டாம். குதிக்கிற நாய் என்றால் அது இன்னும் படகுக்குத் தயாராகவில்லை என்று அர்த்தம். மிளகுக்கு "உட்கார்", "இரு" இரண்டும் மணலில் கிடந்த கயாக்கிலேயே பத்து நாள் பழக்கம். அப்படியும் ஒரு மீன்கொத்தி தலைக்கு மேலே பாய்ந்தபோது எழுந்துவிட்டான். எழுந்த நாயைத் திட்டக் கூடாது. துடுப்பைத் தட்டையாகத் தண்ணீரில் அழுத்தி, நம் உடம்பை அசைக்காமல் வைத்துக்கொண்டால் போதும்.

படகு, உள்ளே நுழைந்து உட்காரும் வகையாக இல்லாமல் மேலே உட்காரும் வகையாக இருக்கட்டும். கவிழ்ந்தாலும் இருவரும் தடையில்லாமல் வெளியே விழலாம். முழங்கால் ஆழத் தண்ணீரில் நீங்கள் முதலில் உட்கார்ந்து, பிறகு நாயைக் கூப்பிடுங்கள். பிளாஸ்டிக் தரையில் நகம் வழுக்கும், வழுக்கினால் பயம், பயந்தால் குதிப்பு. பழைய யோகா பாயிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போட்டால் தீர்ந்தது.

வெயில்தான் நம் ஊரில் பெரிய எதிரி. நாய்க்கு வியர்வை பாதத்தில் கொஞ்சம்தான், மீதிச் சூடு மூச்சிரைப்பில்தான் போக வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. நாயின் உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம், 104-ஐத் தாண்டினால் ஆபத்து. காலை ஆறு மணிக்கு இறங்கி எட்டரைக்குள் கரையேறிவிடுங்கள். அதற்கு மேல் கடல்காற்றும் எழும்பும். எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச் சிவந்து, கால் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். குளிர வைத்துவிட்டுத்தான் டாக்டரிடம் கிளம்ப வேண்டும். ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களின் இளஞ்சிவப்பு மூக்கு வெயிலில் வெந்துபோகும் என்று நம்முடைய சன்ஸ்கிரீனைப் பூசுகிறார்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் துத்தநாக ஆக்ஸைடை நாய் நக்கி விழுங்கினால் விஷம்.

தாகம் எடுத்த நாய் உப்புத்தண்ணீர் என்று பார்க்காது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கொஞ்சம் குடித்தால் பேதி, நிறையக் குடித்தால் வலிப்பு வரை போகும். கேட்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் கொடுங்கள்.

பூனையைப் பற்றியும் கேட்பார்கள். என் கருத்து: வேண்டாம். துருக்கியின் வான் ஏரிப் பக்கத்துப் பூனைகள் விரும்பி நீந்தும் என்று பெயர் வாங்கியவை, ஆனால் உங்கள் சோபாவில் தூங்குவது அந்த ஜாதி இல்லை. பிடிவாதமாகக் கூட்டிப் போகிறவர்கள் செய்யும் மோசமான தவறு, கூடைக்குள் பூட்டிப் படகில் வைப்பது. கவிழ்ந்தால் கூடையோடு போய்விடும். ஹார்னஸ் என்ற உடம்புப் பட்டை மாட்டினாலும் பயந்த பூனை பின்பக்கமாக நழுவி வெளியே வந்துவிடும். வாயைத் திறந்து மூச்சிரைக்கும் பூனை களைப்பாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நாய்க்கு அது சகஜம், பூனைக்கு அது அபாயக் குறி.

இடமும் பார்க்க வேண்டும். பழவேற்காட்டில் பூநாரைகள் இறங்கும் குளிர்காலத்தில் நாயோடு போகாதீர்கள். நாயைக் கண்டால் கூட்டமே இரையை விட்டுப் பறந்துவிடும், அது பறவைச் சரணாலயமும்கூட. பிச்சாவரம் போன்ற சதுப்புக் காடுகளில் வேர் முழுக்கச் சிப்பி ஒட்டியிருக்கும், பிளேடு மாதிரி பாதத்தைக் கிழிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதைத் துடைத்து, விரலிடுக்கைப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். எலிக்காய்ச்சலைத்தான் மறந்துவிடுகிறார்கள். மழைக்குப் பிறகு எலி மூத்திரம் கலந்து தேங்கிய நன்னீரில், சிறு காயம் வழியாகவே அந்தக் காய்ச்சலைத் தரும் லெப்டோ கிருமி உள்ளே போகும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, முதல்முறை சில வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று. உங்கள் நாய்க்குப் போட்ட கூட்டு ஊசியில் அது இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், டாக்டரிடம் போனதும் படகு போன கதையை முதலில் சொல்லுங்கள். உங்களுக்கே காய்ச்சல் வந்தாலும் அதையேதான் உங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.