டிகாக்‌ஷன் இறங்க மாட்டேங்குதா?

பில்டர் காபியில் வரும் தகராறு பாதி அரைப்பில்தான். மிக்ஸியில் அரைப்பதானால் சின்ன ஜாரில் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி மணம் போய்விடும். தூள் விரலில் லேசாக நெருட வேண்டும். மாவாகிவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். சிக்கரி 80 கிராம் காபிக்கு 20 கிராம் போதும். அதற்கு மேல் கூடுவது நிறம்தான்.

இரண்டு பேருக்குத் தூள் 20 கிராம், அதாவது குவித்த மேசைக்கரண்டி மூன்று. மேல் அடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, தூளைப் பரப்பி, குடையை (நடுவில் கம்பி வைத்த துளைத்தட்டு) மேலே வையுங்கள். அழுத்த வேண்டாம், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கொதி அடங்கிய வெந்நீரைக் கொஞ்சம் விட்டு, அரை நிமிடம் ஊறியதும் மீதியை வட்டமாக ஊற்றுங்கள். மொத்தம் 120 மில்லி. 15, 20 நிமிடத்தில் இறங்கிவிடும். ஐந்தே நிமிடத்தில் இறங்கினால் தூள் கரகரப்பு, காபி தண்ணியாக இருக்கும். அரை மணியாகியும் நின்றால் பக்கவாட்டில் கரண்டியால் தட்டிப் பாருங்கள்.

டிகாக்‌ஷனைத் தனியாகச் சுட வைத்தால் கசக்கும். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தாலே போதும்.

அடைத்த எவர்சில்வர் பில்டரா? மேல் அடுக்கின் அடியிலுள்ள துளைத்தட்டை அடுப்புத் தீயில் காட்டித் தட்டினால், கருகிய தூள் உதிரும்.