இதை யார் யாருக்கு அனுப்புவார்கள்?

கோவில்பட்டியில் ஃபிளெக்ஸ் போர்டு டிசைன் செய்துகொண்டிருந்தவன் நான். இப்போது கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் விளம்பரம் செய்து கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, வைரலாகுற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு."

முதலில் வந்தவர் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி. ட்ரோன் வாடகைக்கு எடுத்துக் கடை முகப்பை மேலிருந்து காட்டினேன். நாதஸ்வரம் சேர்த்து, 'ஆடித் தள்ளுபடி' என்று தங்க எழுத்தைப் பறக்கவிட்டேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. பகிர்ந்தவர்கள் மூன்று பேர்: அண்ணாச்சி, அவர் மச்சான், நான்.

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாகக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா புது இரும்பு தோசைக்கல்லைத் திருப்பிக் கொண்டுவந்து சத்தம் போட்டார். மாவு ஒட்டுகிறதாம். அண்ணாச்சி நிதானமாக, "கல்லு மேல தப்பில்லம்மா, நீங்க பழக்கல" என்று ஆரம்பித்தார். நல்லாத் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறப்போட்டு, காயவைத்து, நல்லெண்ணெய் தடவிச் சூடேற்றி, பாதி வெங்காயத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று கல்லைக் கையில் வைத்துக்கொண்டே காட்டினார். அந்த அம்மா போனதும், "அண்ணாச்சி, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று போனில் எடுத்தேன். 48 நொடி. பின்னால் பஸ் ஹாரன் வேறு. அதுதான் சுற்றியது.

ஏன்? தள்ளுபடி வீடியோவை அனுப்புகிறவன் அண்ணாச்சிக்குத் தரகு பார்க்கிற ஆள் மாதிரித் தெரிவான். தோசைக்கல் வீடியோவை அம்மா மகளுக்கு அனுப்புவார், மேலே "நான் சொன்னா கேட்டியா?" என்று ஒரு வரி தட்டி. அவருக்கு அண்ணாச்சியும் முக்கியமில்லை, கடையும் முக்கியமில்லை. மகளிடம் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததை இன்னொருத்தர் வாயால் சொல்ல வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே கேமராவைத் தொடும் முன் ஒரு துண்டுத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவர் யார், யாருக்கு அனுப்புவார், மேலே என்ன வரி எழுதுவார் என்று மூன்றையும் எழுதுங்கள். அந்த வரி வரவில்லையா, யோசனையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 'யாருக்கு' என்ற இடத்தில் 'பொதுமக்கள்' என்று எழுதினாலும் அப்படித்தான்.

எந்த உணர்ச்சி ஓடும் என்பதற்கு ஒரு ஆய்வே இருக்கிறது. ஜோனா பெர்கர், கேத்ரின் மில்க்மேன் இருவரும் நியூயார்க் டைம்ஸில் வந்த கிட்டத்தட்ட 7,000 கட்டுரைகளைப் பார்த்து, எவை அதிகம் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டன என்று 2012-இல் எழுதினார்கள். வியப்பு, கோபம், பதற்றம் கிளப்பியவை ஓடின. வெறும் சோகம் அவ்வளவாக ஓடவில்லை. கோபத்தை மட்டும் நான் தொடுவதில்லை. கடைக்காரர் மறுநாளும் அதே தெருவில் ஷட்டரைத் தூக்க வேண்டுமே.

அப்புறம் கணக்கு. வீடியோவை 100 பேர் பார்க்கிறார்கள். அதில் 10 பேர் ஆளுக்கு 5 பேருக்கு அனுப்பினால் 50. அதைத் திறந்து பார்ப்பவர்கள் 30 என்று வையுங்கள். அடுத்த சுற்றில் 9, அதற்கடுத்து 3 பேர்கூட இல்லை. மொத்தம் 140 சொச்சத்தோடு கதை முடிந்தது. அந்த 30, 100-ஐத் தாண்டினால்தான் தானாகப் பெருகும். பெரும்பாலான வீடியோக்கள் தாண்டுவதில்லை. வாட்ஸ்அப்பும் 2018-இலேயே இந்தியாவில் ஒரு தடவைக்கு 5 பேர் அல்லது குழு என்று கட்டிவிட்டது. பல கை மாறி வந்த செய்தி என்றால், 2020 முதல் ஒரு தடவைக்கு ஒன்றுதான். ஆகவே முதல் 100-ஐப் பெரிதாக்குங்கள். தோசைக்கல் வீடியோவை அண்ணாச்சியின் ஒரே குழுவோடு விடாமல், தெருவில் இருந்த தையல்கடை, மாவுமில், பள்ளிக்கூட அம்மாக்கள் குழு என்று பன்னிரண்டு இடத்தில் ஒரே சாயங்காலம் கொடுத்தோம்.

ஒரு தப்பும் செய்தேன். கடைப் பெயரை வீடியோவுக்குக் கீழே எழுதினேன், உள்ளே வைக்கவில்லை. ஏதோ ஒரு சமையல் பக்கம் அதை இறக்கி, தன் முத்திரையைக் குத்தித் திரும்பப் போட்டது. பார்த்தவர்கள் ஏராளம், கடைக்கு வந்தவர்கள் சொற்பம். 1996-இல் ஹாட்மெயில் என்ற இலவச மின்னஞ்சல் சேவை செய்ததை நான் மறந்திருந்தேன். அதில் போகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'உங்களுக்கும் இலவச மின்னஞ்சல்' என்கிற மாதிரி ஒரு வரி தானாக ஒட்டிக்கொண்டது. ஒன்றரை வருடத்தில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் சேர்ந்தார்கள். கடிதம் போனால் விளம்பரமும் போகும். அடுத்த வீடியோவில் அண்ணாச்சி தூக்கிக் காட்டுகிற கல்லின் மேலேயே சாக்பீஸால் கடைப் பெயரை எழுதவைத்தேன். வெட்டினால் கல்லையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும்.

"நேசமணி மாதிரி ஒண்ணு வேணும்" என்று கேட்பவர்களும் உண்டு. 2019 மே மாதம் ஃபேஸ்புக்கில் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, நம்மாள் ஒருவர் 'ஃபிரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த காண்டிராக்டர் நேசமணி தலையில் அது விழுந்ததைச் சொல்ல, ஊரே அவர் உடல்நிலையை விசாரித்தது. அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, செய்யவும் முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கலந்துகொள்ள ஒரே வரி போதும். வடிவேலு எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்தவர். அதனால் நான் வீடியோ முடிவில் "லைக் பண்ணுங்க" என்று சொல்லவிடுவதில்லை. "உங்க வீட்டுல கல்ல எப்படிப் பழக்குவாங்க?" என்று அண்ணாச்சி கேட்பார். கஞ்சியா, புளித்தண்ணியா என்று கீழே பெரிய சண்டையே நடக்கும். நடக்கட்டும்.

கடைசியாக, வீடியோ போடும் முன் சரக்கை எண்ணுங்கள். அன்றைக்குக் கடையில் இருந்தவை 14 கல். அடுத்த நாள் மதியத்துக்கு மேல் வந்தவர்களிடம், "வெள்ளிக்கிழமை வாங்க" என்று சொல்லிச் சொல்லியே அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது.