பெரிய நிறுவனத்தில் எம்.ஐ.எஸ்.: ஒரே ஒரு எண்ணைப் பின்தொடர்ந்து நன்மை தீமைகளை எடைபோடுவது எப்படி?

வணிகவியல் மாணவரிடமோ, பெரிய நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த அலுவலரிடமோ "மேலாண்மைத் தகவல் அமைப்பின் (எம்.ஐ.எஸ்.) நன்மை தீமைகளை எழுதி வாருங்கள்" என்று சொன்னால், பெரும்பாலும் வந்து சேர்வது பாடநூலில் உள்ள பட்டியல்தான். விரைவான முடிவு, துல்லியம், அதிகச் செலவு, பயிற்சித் தேவை என்று நீளும் அந்தப் பட்டியலின் தலைப்பில் எந்த நிறுவனத்தின் பெயரை இட்டாலும் பொருந்திவிடும். அதனாலேயே அது யாருக்கும் பயன்படுவதில்லை. இங்கே நான் விளக்கும் முறை வேறு. அறிக்கையில் உள்ள ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, யார் யார் கைகளைக் கடந்து வந்தது, கடைசியில் யாருடைய முடிவை மாற்றியது என்று தேடிப்போக வேண்டும். கோடு போட்ட தாள் நான்கு, ஓர் அறிக்கையைப் பார்க்கும் அனுமதி, கிடங்கிலும் விற்பனைத் தளத்திலும் ஓரிரு மணி நேரம் நிற்கும் பொறுமை ஆகியவை போதும்.

தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம். நம் அலுவலகங்களில் எம்.ஐ.எஸ். என்றாலே, மாதம் பிறந்ததும் மேலதிகாரிக்கு அனுப்பப்படும் எக்செல் கோப்பு என்றுதான் பலர் பொருள் கொள்கிறார்கள். அந்தக் கோப்பு அமைப்பின் கடைசி நுனி மட்டுமே. பில் போடும் இயந்திரம், கிடங்கின் வரவுப் பதிவு, அவற்றைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளம், அதிலிருந்து சுருக்கம் எடுக்கும் மென்பொருள், இவற்றுக்குள் தகவலைப் பதிபவர்கள், சுருக்கத்தைப் படித்து முடிவெடுப்பவர்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மேலாண்மைத் தகவல் அமைப்பு. மனிதர்களை அதில் சேர்க்க மறந்தால் தீமைகளில் பாதி கண்ணுக்கே படாது.

பல ஊர்களில் கடைகளும் சில கிடங்குகளும் வைத்திருக்கும் சில்லறை வணிக நிறுவனம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

படி 1: அறிக்கையை விட்டுவிட்டு முடிவைத் தேடுங்கள்

"இந்தக் கடைக்கு நாளை எத்தனை பெட்டி சோப்பு அனுப்புவது?" என்பது ஒரு முடிவு. அதை யார் எடுக்கிறார், எத்தனை மணிக்கு எடுக்கிறார், எந்த எண்ணைப் பார்த்து எடுக்கிறார் என்ற மூன்றையும் முதல் தாளில் எழுதுங்கள். ஓர் அறிக்கையைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கப்படவில்லை என்றால் அதன் அருகில் சுழியம் இடுங்கள். தயாரிக்கச் செலவாகும் நேரம் முழுவதும் இழப்புக் கணக்கில் சேரும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் வாரந்தோறும் திங்கட்கிழமை காலையில் ஓர் அறிக்கை தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கிய அதிகாரி மாற்றலாகிப் போய் நெடுநாள் ஆகியிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லாததால் அது போய்க்கொண்டே இருந்தது.

படி 2: எண்ணை வலமிருந்து இடமாகப் பின்தொடருங்கள்

இந்தப் படிக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். திரையில் "இருப்பு 240" என்று தெரிவதாகக் கொள்வோம். அதைத் தாளின் வலக்கோடியில் எழுதிவிட்டு, அதற்கு முந்திய கட்டம் எது என்று கேட்டுக்கொண்டே இடப்பக்கம் நகருங்கள். தொடக்க இருப்புடன் வரவைக் கூட்டி, விற்பனையையும் சேதாரத்தையும் கழித்தால் வருவதுதான் அந்த 240. வரவு என்பது, லாரியிலிருந்து சரக்கு இறங்கியபின் கிடங்கு எழுத்தர் பதிந்த எண். லாரிகள் வரிசையில் காத்திருக்கும் நாளில் அவர் பெட்டிகளை எண்ணிப் பார்க்காமல் சரக்குடன் வந்த சீட்டில் உள்ளதையே பதியக்கூடும். விற்பனை என்பது பில் போடுமிடத்தில் பார்கோடு படிக்கப்பட்ட எண்ணிக்கை. வாடிக்கையாளர் ஒரே விலையில் மூன்று வகைப் பிஸ்கட்டுகள் எடுத்துவந்தால், அவசரத்தில் இருக்கும் காசாளர் ஒன்றையே மூன்று முறை படித்துவிடுவார். பில் தொகை சரியாக இருக்கும். வாடிக்கையாளரும் முறையிட மாட்டார். மூன்று பொருள்களின் இருப்பும் தவறிவிடும். சேதாரத்தை எப்போதோ ஒருநாள் மொத்தமாகப் பதிவார்கள். திருட்டை, ஆண்டுக் கணக்குக்காகச் சரக்கை எண்ணும் நாள்வரை யாரும் பதிவதில்லை.

ஒவ்வொரு கட்டத்தின் கீழும் யார் பதிகிறார், எப்போது பதிகிறார், தவறினால் யாருக்கு முதலில் தெரியவரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காத கட்டங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கூடவே, பொருளின் நிலையான விவரங்களையும் பாருங்கள்: நீளம், அகலம், உயரம், பெட்டிக்கு எத்தனை எண்ணம், வாங்கும் அலகு எது, விற்கும் அலகு எது. மாஸ்டர் டேட்டா என்று அழைக்கப்படும் இந்த விவரங்களை ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

படி 3: நன்மையை, அமைப்பு இல்லாவிட்டால் எது நடக்காது என்ற கேள்வியால் அளவிடுங்கள்

"விரைவு" என்று எழுதாதீர்கள். எத்தனை நாள் எத்தனை மணி நேரமாகக் குறைந்தது என்று எழுதுங்கள். அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 1987-இல் தன் கடைகளையும் தலைமையகத்தையும் இணைக்கும் செயற்கைக்கோள் வலையமைப்பை நிறைவுசெய்தது. 1991-இல் ரீடெயில் லிங்க் என்ற அமைப்பின் வழியே, எந்தக் கடையில் எந்தப் பொருள் எவ்வளவு விற்றது என்பதைத் தன் சப்ளையர்களே பார்க்கும்படி செய்தது. இதன் பயனை உங்கள் தாளில் இப்படி எழுதலாம்: கடை மேலாளர் தொலைபேசியில் சொல்லி, கொள்முதல் பிரிவு ஆர்டர் போட்டு, அது உற்பத்தியாளரைச் சென்றடையும் நெடிய வழிக்குப் பதிலாக, விற்பனை எண்ணை உற்பத்தியாளரே நேரில் பார்த்துச் சரக்கைத் தயார்செய்ய முடிந்தது.

இரண்டாவது வகை நன்மை, எந்தத் தனி மனிதரின் கண்ணுக்கும் படாத ஒன்று திரண்ட எண்களில் தெரியவருவது. 2004-இல் பிரான்சஸ் சூறாவளி புளோரிடாவை நெருங்கியபோது, அதற்குச் சில வாரங்களுக்கு முன் வீசிய சார்லி சூறாவளியின்போது தம் கடைகளில் என்ன விற்றது என்று வால்மார்ட் அலுவலர்கள் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தனர். டார்ச் விளக்கு விற்றிருக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம். ஸ்ட்ராபெரிச் சுவையுள்ள பாப்-டார்ட்ஸ் என்ற தின்பண்டம் வழக்கத்தைப் போல் ஏழு மடங்கு விற்றிருந்ததை எந்த அனுபவசாலியும் ஊகித்திருக்க முடியாது. சமைக்காமல் உண்ணலாம், கெடாது என்ற காரணங்கள் எல்லாம் எண் தெரிந்த பிறகு நமக்குத் தோன்றுபவை. கடைகளின் எண்ணிக்கை கூடக் கூட இந்த நன்மையும் கூடும். பெட்டிக்கடைக்கு இது தேவைப்படாது, அண்ணாச்சியின் நினைவே போதும்.

படி 4: அதே சங்கிலியில் தீமைகளைத் தேடுங்கள்

சிவப்பு வட்டமிட்ட கட்டங்களுக்குத் திரும்புங்கள். அமெரிக்காவின் சில்லறை வணிக நிறுவனமான டார்கெட் 2013-இல் கனடாவில் கடைகளைத் திறந்து, 2015 ஜனவரியில் அங்கிருந்து வெளியேறுவதாக அறிவித்தது. அப்போது அதற்கு அங்கே 133 கடைகள் இருந்தன. தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு, ஆனால் நம் பாடத்துக்கு வேண்டியது ஒன்று. பல்லாயிரம் பொருள்களின் விவரங்களைக் குறுகிய காலத்தில் புதிய அமைப்புக்குள் ஏற்ற வேண்டியிருந்ததால், சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலமும், நீளத்தின் இடத்தில் அகலமும் பதிவாகின. விவரங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு மட்டுமே சரியாக இருந்ததாகப் பின்னர் பத்திரிகைகள் எழுதின. திரையில் கணக்கிட்ட அளவும் உண்மைப் பெட்டியின் அளவும் ஒத்துப்போகாததால், கிடங்குகள் நிரம்பி வழிந்தபோது கடைகளின் அலமாரிகள் காலியாகக் கிடந்தன.

அதே நிறுவனத்தைப் பற்றி வெளிவந்த இன்னொரு செய்தி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. தானாகவே சரக்கை மீள்நிரப்பும் வசதியை அணைத்துவிட்டால், கையிருப்பு தீர்ந்த பொருள் "தீர்ந்தது" என்று அறிக்கையில் வராது. தம் செயல்திறன் எண் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் அப்படியே அணைத்து வைத்திருந்தார்கள். எந்த எண்ணை வைத்து ஒருவருக்கு ஊக்கத்தொகையோ திட்டோ கிடைக்கிறதோ, அந்த எண்ணை மாற்றும் வழியும் அவர் கையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாவது சிவப்பு வட்டம் இடுங்கள்.

அடுத்து, சங்கிலிக்கு வெளியே ஓடும் வேலைகளைத் தேடுங்கள். 2018-இல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில், மும்பைக் கிளை ஒன்றிலிருந்து வெளிநாட்டுக் கடனுக்கான உறுதிக் கடிதங்கள் வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியே அனுப்பப்பட்டன. வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் அவை பதியப்படவில்லை. இரண்டு அமைப்புகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாததால், பல ஆண்டுகளாக மேலதிகாரிகள் பார்த்த அறிக்கைகளில் பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிய ஒரு பொறுப்பு இடம்பெறவே இல்லை. அறிக்கையில் தவறான எண் இருந்தால் யாராவது ஒருநாள் சந்தேகிப்பார்கள். இல்லாத எண்ணைச் சந்தேகிக்க ஆள் கிடையாது.

கடைசியாக, திரைக்கும் மனிதருக்கும் முரண்பாடு வந்தால் உங்கள் நிறுவனம் யாரை நம்பும் என்று கேளுங்கள். பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் கிளைகளில் நிறுவிய ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. பணம் காணாமல் போகவில்லை என்று கிளைப் பொறுப்பாளர்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லை. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர், பலர் சிறை சென்றனர். மென்பொருளில் பிழைகள் இருந்ததை உயர் நீதிமன்றம் 2019-இல் உறுதிசெய்தது. தீர்ப்புகளை மொத்தமாக நீக்க 2024-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. "மென்பொருள் பிழை" என்று ஒரு வரியில் இதை எழுதிவிட்டுப் போகக் கூடாது. திரையில் உள்ள எண்ணை மறுக்கும் ஊழியர் யாரிடம் போவார், அவர் சொல்வதை யார் எத்தனை நாளில் சரிபார்ப்பார் என்பதற்கு எழுத்தில் வழி உண்டா என்று தேடி, இல்லையென்றால் அதைத் தீமைகளின் முதலிடத்தில் எழுதுங்கள்.

படி 5: செலவோடு காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

மென்பொருள் உரிமம், கணினிகள், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றை எழுதுவது எளிது. விலைப்பட்டியல் கேட்டால் கிடைத்துவிடும். பழைய முறையிலிருந்து புதியதற்கு மாறும் வாரங்களில் ஏற்படும் இழப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம் 11.2 கோடி டாலர் செலவில் அமைத்த புதிய அமைப்பை, நான்கு ஆண்டுகள் தேவைப்படும் என்ற மதிப்பீட்டை இரண்டரை ஆண்டுகளாகச் சுருக்கி, 1999 ஜூலையில் இயக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் ஹாலோவீன் பண்டிகைக்கான மிட்டாய் ஆர்டர்கள் குவியத் தொடங்கும் பருவம் அது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை நிறுவனத்தால் அனுப்ப முடியவில்லை. தீபாவளிக்கு முந்திய மாதத்தில் ஜவுளிக்கடையின் பில் மென்பொருளை மாற்றுவதைக் கற்பனை செய்துகொண்டால் இது நன்றாக விளங்கும்.

படி 6: குறிப்பை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

நன்மைக்கு ஒரு தாள், தீமைக்கு ஒரு தாள் என்று பிரிக்க வேண்டாம். முதல் படியில் எழுதிய முடிவை இடப்பக்கம் வைத்து, அதன் எதிரே, அமைப்பினால் அந்த முடிவு எவ்வளவு மேம்பட்டது என்பதையும், அதே எண் எந்தக் கட்டத்தில் எப்படித் தவறக்கூடும் என்பதையும் அடுத்தடுத்து எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: "சோப்பு அனுப்பும் முடிவு இரண்டு நாளிலிருந்து நான்கு மணி நேரமாகக் குறைந்துள்ளது, ஆனால் வரவுப் பதிவு சீட்டைப் பார்த்தே செய்யப்படுவதால், குறைவாக வந்த பெட்டிகள் சரக்கை எண்ணும் நாள்வரை தெரியவருவதில்லை." இப்படி எழுதினால் அதைத் திருத்த என்ன செய்யலாம் என்பது வாசிப்பவருக்கே தோன்றிவிடும்.

ஓர் எண்ணைப் பின்தொடர்ந்து முடித்தபின், கடையின் அலமாரிக்குப் போய் அந்தச் சோப்பை நீங்களே எண்ணிப் பாருங்கள். திரையில் 240, அலமாரியிலும் பின்னறையிலும் சேர்த்து எத்தனை இருந்தது என்பதை, எண்ணிய நாளும் நேரமும் குறிப்பிட்டு, உங்கள் குறிப்பின் முதல் வரியாக எழுதுங்கள்.