சிகிச்சை வழிகாட்டியில் நலன் முரணையும் நிதியையும் எழுதுவது எப்படி?

எந்தச் சிகிச்சை வழிகாட்டி கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான். பல நேரம் அங்கே ஒரே வரிதான் இருக்கும்: "உறுப்பினர்கள் அனைவரும் தங்கள் நலன் முரண்களை அறிவித்துள்ளனர்." (நலன் முரண் என்பது ஒருவரின் பரிந்துரையைச் சாய்க்கக்கூடிய பணம் அல்லது வேறு சொந்த நலன்.) சரி, அறிவித்தார்கள். எதை அறிவித்தார்கள்? அதற்கு வழிகாட்டியை உருவாக்கிய குழு என்ன செய்தது? இந்தப் பகுதியை முதல்முறை எழுத உட்காருபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: தொடங்கும் முன்பே கேளுங்கள். குழுவில் சேர்க்கும் முன்பே படிவம் வாங்கிவிட வேண்டும். பரிந்துரைகளுக்கு வாக்களிப்பவர்களிடம் மட்டுமல்ல, சான்றுகளைத் தொகுப்பவர், வரைவு எழுதுபவர், வெளியிலிருந்து மதிப்பிடுபவர் எல்லோரிடமும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு தரும் படிவம் கடந்த 36 மாத உறவுகளைக் கேட்கிறது. அதை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். வேலை நீண்டால் இடையிடையே புதுப்பியுங்கள்.

படி 2: பணத்தோடு நிறுத்தாதீர்கள். ஆலோசனைக் கட்டணம், உரைக்கான தொகை, பங்குகள், காப்புரிமை, ஆய்வு நிதி ஆகியவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தான் நடத்திய ஆய்வையே தான் மதிப்பிடுவதும், தான் தினமும் செய்யும் அறுவை சிகிச்சையைப் பற்றித் தானே பரிந்துரைப்பதும்கூட நலன் முரண்தான். முரண் இருப்பது குற்றமில்லை என்பதைக் குழுவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் மறைக்காமல் எழுதுவார்கள்.

படி 3: என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலான வழிகாட்டிகள் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு மாதிரி பாருங்கள்:

"12 உறுப்பினர்களில் மூவருக்கு நிதி சார்ந்த முரண் இருந்தது. ஒருவர் 4-ஆம் பரிந்துரையில் வரும் மருந்தின் தயாரிப்பாளரிடம் ஆலோசனைக் கட்டணம் பெற்றவர். அந்தப் பரிந்துரை பற்றிய விவாதத்தின்போது அவர் அறையில் இல்லை, வாக்களிக்கவும் இல்லை. மற்ற இருவரின் உறவுகள் எந்தப் பரிந்துரையையும் தொடாதவை என்று முரண் இல்லாத இருவர் மதிப்பிட்டனர்."

நான்கே வாக்கியம். யாருக்கு, எந்தப் பரிந்துரையில், யார் முடிவெடுத்தார், என்ன முடிவு, எல்லாம் தெரிந்துவிடுகிறது. இதில் 'விவாதத்தில் இருந்தார், வாக்களிக்கவில்லை' என்பதும் 'அறையிலேயே இல்லை' என்பதும் ஒன்றல்ல. அறையில் உட்கார்ந்து பேசியே மற்றவர்களின் வாக்கை மாற்றிவிட முடியும். தலைவருக்கு முரண் உண்டா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் (Institute of Medicine) 2011-இல் வகுத்த தரநிலையின்படி தலைவருக்கு முரண் இருக்கக் கூடாது. முரண் உள்ளவர்கள் குழுவில் சிறுபான்மையாகவே இருக்க வேண்டும்.

படி 4: நிதி. கொடுத்தவர் பெயர், எந்தக் கட்டத்துக்குக் கொடுத்தார், தலைப்புத் தேர்விலோ இறுதி வரைவிலோ அவருக்குப் பங்கு இருந்ததா, இந்த மூன்றையும் எழுதுங்கள். வெளி நிதி இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். ஆனால் 'செலவே இல்லை' என்று எழுதாதீர்கள். கூட்டத்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் யாரோ கொடுத்திருப்பார்கள்.

படி 5: சரிபாருங்கள். வழிகாட்டியில் என்னென்ன எழுதப்பட வேண்டும் என்று சொல்லும், 2017-இல் வந்த 'ரைட்' (RIGHT) பட்டியலின் 22 அம்சங்களில் 18-ஆவது நிதி, 19-ஆவது நலன் முரண். இந்த இரண்டுக்கென்றே தனியாக ஒரு விரிவான துணைப் பட்டியலும் பின்னர் வந்திருக்கிறது.

அப்புறம், வழிகாட்டியின் சுருக்கத்தைத் தனியாக வெளியிட்டால் இந்தப் பகுதியை வெட்டிவிடாதீர்கள். முழு ஆவணத்தைத் திறக்க நேரமில்லாத மருத்துவர் படிப்பது அந்தச் சுருக்கத்தைத்தான்.