சைனஸ் சிடிக்கு முன் மூக்கு ஸ்ப்ரே: எப்படி அடிப்பது, படத்தில் எது மாறும்

நோயே இல்லாத மூக்கிலும் ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வற்றியிருக்கும். சில மணி நேரத்தில் பக்கம் மாறும். இது தெரியாமல் சிடி படம் பார்ப்பவர், வீங்கிய டர்பினேட்டை (மூக்கின் பக்கச் சுவரிலிருந்து நீளும், சவ்வு மூடிய எலும்பு மடிப்பு) நோய் என்று எழுதிவிடுவார். அந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் சவ்வு வீக்கத்தை வற்றவைக்கும் ஸ்ப்ரே. ஸ்கேன் மையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான முறை இது.

1. முதலில் கேளுங்கள்: கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதய நோய், குறுகிய கோண கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உண்டா? மனச்சோர்வுக்கு எம்ஏஓ தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறாரா? எதற்காவது ‘ஆமாம்’ என்றால் மருத்துவரைக் கேட்காமல் அடிக்காதீர்கள். குழந்தைகளுக்கும் அப்படியே.

2. மூக்கை மெதுவாகச் சிந்தச் சொல்லுங்கள். சளி நின்றால் மருந்து சவ்வைத் தொடாது. படத்திலும் அந்தச் சளி பாலிப் (சவ்விலிருந்து தொங்கும் சதை வளர்ச்சி) போல ஏமாற்றும்.

3. பெரியவர்களுக்கு ஆக்ஸிமெட்டாசோலின் 0.05%, ஒவ்வொரு துளையிலும் 2 முறை. தலை சற்றே முன்னால் குனியட்டும். இடது துளைக்கு வலது கை, வலதுக்கு இடது கை. அப்போதுதான் முனை நடுச்சுவரில் இடிக்காமல் வெளிப்பக்கம் திரும்பும். அடைத்த பக்கம் மட்டும் அடித்தால், இரு பக்கத்தையும் ஒப்பிடவே முடியாது.

4. 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து, மறுபடி சிந்தவிட்டு, மல்லாக்கப் படுக்க வையுங்கள். படத்தின் ஒவ்வொரு வெட்டும் 1 மி.மீ. தடிமன் அல்லது அதற்கும் குறைவு. கொரோனல் படங்கள் (முகத்துக்கு இணையான வெட்டுகள்) கட்டாயம்.

இனி படம். கீழ் டர்பினேட் நன்றாகச் சுருங்கும், மூக்குக்குள் காற்றிடம் விரியும். சைனஸுக்குள் நிற்கும் திரவம், பாலிப், தடித்த எலும்பு எதுவும் 15 நிமிடத்தில் கரையாது. கோன்கா புல்லோசாவும் (உள்ளே காற்றறை கொண்ட நடு டர்பினேட்) எலும்பு அமைப்புதான், அப்படியே இருக்கும். சிடியில் சைனஸ் அடைப்பை அளக்கும், 24 மதிப்பெண் கொண்ட லண்ட்-மெக்கே கணக்கில் டர்பினேட் வீக்கத்துக்கு இடமே இல்லை. அதனால் ஸ்ப்ரேயால் அந்த எண் பெரிதாக ஆடாது. எம்ஆர்ஐயில் மட்டும் கூடுதல் கவனம்: கண்களுக்கு நடுவே உள்ள எத்மாய்டு சைனஸின் சவ்வும் மூக்கோடு சேர்ந்து வீங்கி வற்றும், டி2 படத்தில் (நீர் வெளுத்துத் தெரியும் எம்ஆர்ஐ வகை) பளிச்சென்று தெரியும்.

தினமும் உணரும் அடைப்பையே பார்க்க வேண்டும் என்று அறுவை மருத்துவர் கேட்டால், ஸ்ப்ரே வேண்டாம்.

எப்படி எடுத்தாலும் மருந்து, அளவு, நேரம் மூன்றையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். போன வருடம் ஸ்ப்ரேயோடு, இந்த வருடம் இல்லாமல் எடுத்த படங்களை ஒப்பிட்டால், ‘நோய் முற்றிவிட்டது’ என்று தவறாகத் தோன்றும்.

அடித்தும் டர்பினேட் சுருங்கவில்லையா? எத்தனை நாளாக இதே ஸ்ப்ரேயை அடிக்கிறார் என்று கேளுங்கள். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கும்.